சென்னைப் பத்திரிகை ஸ்தல புராணம்

புராணம் என்றால் காப்புச் செய்யுளோடு தொடங்குவதுதான் முறை. இந்தப் புராணத்துக்கு அது கிடையாது. சென்னையில் பத்திரிகைகளைக் காப்பாற்றிய தெய்வம் என்று ஒன்று இதுவரை அகப்படவில்லை. ஆகவே நேரே நூற்பயனுக்கு வந்துவிடுவோம். இருநூற்று நாற்பது வருஷத்துக் கதையைக் கேட்டு முடிப்பவர்களுக்கு ஓர் உண்மை சித்திக்கும்: இந்த ஊரில் பத்திரிகை ஆரம்பிக்கப் பணம் முக்கியமாக இருந்ததில்லை, கோபம் போதும். பிறந்த குழந்தைக்குப் பாலூட்டி வளர்த்தது பெரும்பாலும் சர்க்கார். கழுத்தை நெரித்தது சந்தாதாரர்.

கப்பலேறிய படலம்

1785 அக்டோபரில் 'மெட்ராஸ் கூரியர்' பிறந்தது. பெற்றவர் ரிச்சர்ட் ஜான்ஸ்டன். கம்பெனி சர்க்காருக்கு அச்சடித்துக் கொடுப்பது அவர் தொழில். படியளக்கிறவரைத் திட்டிப் பத்திரிகை நடத்துவது யாருக்கும் சிரமம். எனவே கூரியர் அடக்க ஒடுக்கமாக இருந்தது. எந்தக் கப்பல் வந்தது, எது போனது, சீமைக்கு மூட்டை கட்டும் துரையின் மேஜை நாற்காலி எங்கே ஏலம் என்பவையே நாட்டு நடப்பு. அதற்கு ஆசிரியராக இருந்த ஹியூ பாய்டு சாதாரண ஆள் இல்லை. லண்டனில் 'ஜூனியஸ்' என்ற பெயரில் ராஜாவையும் மந்திரிகளையும் நார்நாராகக் கிழித்த மொட்டைக் கடிதங்களை எழுதியவர் இவர்தான் என்று பலர் சத்தியம் செய்தார்கள். உண்மையாகவே இருக்கட்டும். சர்க்கார் அச்சுக்காரரின் பத்திரிகையில் உட்கார்ந்துகொண்டு அவர் எந்த மந்திரியைக் கிழிப்பது?

ஊருக்கு முதல் கோபக்காரர் 1795-இல் கிடைத்தார். ஹம்ப்ரீஸ் என்று பெயர். லைசென்ஸ் என்ற ஒன்று உண்டு என்பதையே மதிக்காமல் 'இந்தியா ஹெரால்டு' தொடங்கினார். கம்பெனி சர்க்காரை ஏசினார். போதாதென்று வேல்ஸ் இளவரசரையும் சேர்த்து ஏசினார். அவரைக் கைது செய்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். மனிதர் கப்பலிலிருந்து தப்பி ஓடிவிட்டார். கடைசியில் கப்பலேறியது சர்க்காரின் மானம் மட்டும்தான். அந்தக் கடுப்பிலோ என்னவோ, பத்திரிகைத் தணிக்கையும் அதே ஆண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தது. 'மெட்ராஸ் கெஜட்' என்ற சாதுப் பத்திரிகை, சர்க்கார் உத்தரவுகளையே சர்க்கார் அதிகாரியிடம் காட்டிவிட்டுத்தான் அச்சிட வேண்டும் என்று ஆயிற்று.

அடுத்த கோபம் நம் ஊர்க்காரருடையது. காஜுலு லட்சுமிநரசு செட்டி வியாபாரி. மிஷனரிகளின் மதமாற்றமும் அதற்குச் சர்க்கார் காட்டிய சலுகையும் அவருக்குப் பொறுக்கவில்லை. 1844-இல் 'கிரெசென்ட்' தொடங்கினார். புதுப் பத்திரிகை வருகிறது என்று கோட்டையின் கெஜட்டுக்குக் காசு கொடுத்து விளம்பரம் அனுப்பினால், போட மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைவிடச் சிறந்த விளம்பரம் எந்தப் பத்திரிகைக்கும் அமைந்ததில்லை.

மிஷனரிகளும் சும்மா இருக்கவில்லை. 1831-இலேயே 'தமிழ் மேகசின்' நடத்தியவர்கள் அவர்கள். 1855-இல் பெர்சிவல் பாதிரியார் 'தினவர்த்தமானி'யைக் கொண்டுவந்தார். பெயரில் தினம் இருந்தது. இதழ் வாரம் ஒருமுறைதான் வந்தது. சொன்ன தேதிக்கு வராத தமிழ்ப் பத்திரிகைகளின் பரம்பரைக்கு இப்படி ஒரு பாதிரியார் கையாலேயே ஞானஸ்நானம் ஆயிற்று.

ஒன்றே முக்கால் ரூபாய்ப் படலம்

1878 மார்ச்சில் லிட்டன் பிரபு, இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட ஒரு சட்டம் கொண்டுவந்தார். அந்தப் பூட்டிலிருந்து சென்னை மாகாணத்துக்கு விலக்கு. வங்காளத்துக்காரர்கள் சிறைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தபோது, நம்மவர்களை 'இவர்கள் ஒன்றும் செய்ய மாட்டார்கள்' என்று சர்க்காரே நற்சாட்சிப் பத்திரம் கொடுத்து உட்கார வைத்துவிட்டது. இதைவிட அவமானம் வேண்டுமா?

ஆறு மாதத்தில் பதில் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு டி. முத்துசாமி ஐயரை நீதிபதியாக நியமித்தார்கள். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். வெள்ளைக்காரப் பத்திரிகைகள் குதியாய்க் குதித்தன. திருவல்லிக்கேணி வட்டாரத்தில் ஆறு இளைஞர்களுக்கு ரத்தம் கொதித்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார் இருவரும் வாத்தியார்கள். மீதி நான்கு பேர் சட்டம் படிக்கும் மாணவர்கள். வாத்தியார் சம்பளம் தெரிந்ததுதான். மாணவர் கையிருப்பு அதைவிடத் தெரிந்தது. ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கினார்கள். 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி 'தி ஹிந்து' 80 பிரதிகளோடு வெளிவந்தது. ஆறு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு, மாமனார் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் அனுப்பியிருந்தால் விற்பனைக்கு எத்தனை மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

அந்த ஒன்றே முக்கால் ரூபாயை யார் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சரித்திரம் சொல்லவில்லை. ஆனால் 1905-இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் அதே பத்திரிகையை 75,000 ரூபாய்க்கு வாங்கினார் என்று சொல்கிறது. நடுவில் சுப்பிரமணிய ஐயர், விதவையான தம் மகளுக்கு மறுமணம் செய்து வைத்து, வாசகர்களில் பாதிப் பேரையும் உறவினர்களில் முக்கால்வாசிப் பேரையும் பகைத்துக்கொண்டார். மான நஷ்ட வழக்குகள் வேறு. 1898-இல் ஹிந்துவை விட்டு விலகி, 1882-இலேயே தாம் தொடங்கியிருந்த 'சுதேசமித்திர'னோடு போய்விட்டார். மறு ஆண்டு அது தினசரியாயிற்று. சீர்திருத்தத்தை மேடையில் பேசிவிட்டு வீட்டில் செய்யாமல் இருந்திருந்தால் அவர் சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். பத்திரிகாசிரியருக்கு வேண்டிய அந்த நாசூக்கு அவரிடம் இல்லை.

ஹிந்துவுக்கு இன்னொரு நாசூக்கு உண்டு. உலகத்தில் எது நடந்தாலும் அதன் முதல் பக்கத்தில் விளம்பரம்தான் இருக்கும். யுத்தம் வந்தது, சுதந்திரம் வந்தது, குடியரசு வந்தது. எல்லாம் உள்ளே போய்க் காத்திருந்தன. 1958 ஜனவரி 14-ஆம் தேதிதான், பொங்கல் சமயமாகப் பார்த்து, செய்திகளைத் திண்ணையிலிருந்து கூடத்துக்கு அழைத்தார்கள்.

காலணாப் படலம்

மவுண்ட் ரோட்டுப் பெரிய பத்திரிகைகள் தேசம் முழுவதையும் பார்த்தன. பக்கத்துச் சேரி மட்டும் அவற்றின் கண்ணில் படவில்லை. இரட்டைமலை சீனிவாசனுக்கு அதனால் வந்தது கோபம். 1893 அக்டோபரில் பத்து ரூபாய்ச் செலவில் நான்கு பக்க மாத இதழ் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி ஊர் ஏசியதோ, அதையே 'பறையன்' என்று முகப்பில் பெரிதாகப் போட்டார். ஏசுகிறவன் இனி காசு கொடுத்து வாங்கித்தான் ஏச வேண்டும்.

1907-இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். விலையையே பெயரில் வைத்துவிட்டால் ஏஜெண்ட் ஏமாற்ற முடியாது, நிர்வாகி விலையேற்றவும் முடியாது. ஓராண்டில் பைசா உதிர்ந்து 'தமிழன்' மட்டும் நின்றான். சாதிக்கு மூலம் எது, பௌத்தம் எங்கே போயிற்று, தீபாவளிக்கு அர்த்தம் என்ன என்று பண்டிதர் கேட்ட கேள்விகளுக்குப் பெரிய பத்திரிகைகள் நூறு வருஷம் கழித்துச் சிறப்பிதழ் போட்டன. செய்தியை முந்தித் தருவது இதுதான்.

பெயருக்கு ஆசிரியர் படலம்

1904-இல் சுதேசமித்திரனுக்கு ஓர் உதவி ஆசிரியர் வந்தார். எட்டயபுரத்துக்காரர்; கவிதை எழுதுவார். கவிதை எழுதத் தெரிந்தவருக்குப் பத்திரிகை ஆபீஸில் என்ன வேலை கொடுப்பார்களோ அதையே கொடுத்தார்கள்: இங்கிலீஷ் தந்திகளை மொழிபெயர்ப்பது. பாரதிக்கு இது போதவில்லை. 1906-இல் 'இந்தியா' வாரப் பத்திரிகைக்குப் போனார். சிவப்புக் காகிதம், முகப்பில் கேலிச்சித்திரம், உள்ளே நெருப்பு.

இங்கே சென்னை ஒரு பெரிய கண்டுபிடிப்பை உலகத்துக்கு வழங்கியது. ஆசிரியர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர். சட்டப்படி பதிவான பெயர் எம். சீனிவாசனுடையது. 1908-இல் போலீஸ் வந்தபோது அவர் சிறைக்குப் போனார். பாரதி புதுச்சேரிக்குப் போனார். அச்சு இயந்திரமும் பின்னாலேயே போயிற்று. பாரதியைப் பாடிய சபைகள் ஆயிரம். அவருக்காகச் சிறையில் உட்கார்ந்த சீனிவாசனுக்கு எங்காவது ஒரு சந்துக்காவது பெயர் வைத்திருக்கிறார்களா?

சர்க்கார் இதற்குள் சாமர்த்தியம் கற்றுக்கொண்டது. ஆளைப் பிடித்தால் தியாகி ஆகிவிடுகிறான். ஆகவே பணத்தைப் பிடி. 1910-இன் அச்சகச் சட்டம் வந்தது. அன்னி பெசன்ட் அம்மையார் 'நியூ இந்தியா' நடத்திக்கொண்டிருந்தார். 1916-இல் அவரிடம் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள், கட்டினார். அதைப் பறிமுதல் செய்துவிட்டு 10,000 கேட்டார்கள், அதையும் கட்டினார். 1917-இல் அம்மையாரையே ஊட்டியில் காவலில் வைத்தார்கள். வெயில் காலத்தில் ஊட்டி! அந்த ஆண்டே காங்கிரஸ் அவரைத் தலைவராக்கியது. விற்பனை அதிகாரி என்ற உத்தியோகத்துக்குச் சென்னை சர்க்காரைவிடத் தகுதியானவர் அன்று ஊரில் இல்லை.

பெசன்ட் மேல் கோபம், ஹிந்து மேல் கோபம், இரண்டும் சேர்ந்து 1917-இல் 'ஜஸ்டிஸ்' பிறந்தது. ஆசிரியர் டாக்டர் டி.எம். நாயர். கட்சிகள் பத்திரிகை தொடங்குவது வழக்கம். இங்கே பத்திரிகையின் பெயர்தான் கட்சிக்கு நின்றது. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்று நீட்டி முழக்கிச் சொல்ல வாக்காளருக்கு மூச்சில்லை; ஜஸ்டிஸ் கட்சி என்று முடித்துவிட்டார்கள். அதே ஆண்டு எதிர்முகாமில் 'தேசபக்தன்' தினசரியோடு வந்தார் திரு.வி.க. தமிழ்த் தினசரி தமிழில் இருக்கலாம் என்ற துணிச்சலான கருத்து அவருடையது.

எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய்ப் படலம்

பூதூர் வைத்தியநாத ஐயர் 1926-இல் 'ஆனந்த விகடன்' தொடங்கினார். பெயரில் ஆனந்தம் இருந்தது, கல்லாவில் இல்லை. அந்தச் சமயம் விளம்பரத் தொழிலில் இருந்த எஸ்.எஸ். வாசன் என்ற இளைஞர் 1928-இல் அதை 200 ரூபாய்க்கு வாங்கினார். பெயரில் எட்டு எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய் என்பது கணக்கு. தமிழ் எழுத்துக்கு இந்த ஊரில் கிடைத்த நல்ல விலைகளுள் ஒன்று அது. எழுதுகிறவர்களுக்கு அந்த விகிதத்தில் யாரும் கொடுத்ததாகக் கேள்வியில்லை.

தமிழன் சிரிப்பான் என்பது வைத்தியநாத ஐயருக்குத் தெரியும். தமிழன் பரிசுக்கு ஆசைப்படுவான் என்பது வாசனுக்கும் தெரியும். குறுக்கெழுத்துப் போட்டி வைத்தார். ஊரே பென்சிலும் கையுமாகக் கட்டங்களுக்குள் இறங்கியது. விடை தேடி வந்தவர்களுக்கு நடுவில் கல்கியின் எழுத்தும் அகப்பட்டது. 1941-இல் கல்கி சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போகப் புறப்பட, வாசனுக்கும் அவருக்கும் முறிந்தது. இன்னொரு கோபம், இன்னொரு பத்திரிகை. நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 1941 ஆகஸ்டில் 'கல்கி' தொடங்கினார். முதலீட்டுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேஷம் கட்டினார். கலகம் செய்து காரியம் முடிக்கும் முனிவரின் பெயரால் ஒரு பத்திரிகை பிறந்தது என்பதைக் கதையில் எழுதினால் மிகை என்பார்கள்.

திருவல்லிக்கேணியில் வை.மு. கோதைநாயகி அம்மாளின் கதை இன்னும் விசேஷம். முதல் நாடகத்தைத் தாம் சொல்லச் சொல்லத் தோழியை எழுத வைத்தவர். நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி'யை 1925-இல் வாங்கி, 115 நாவல்கள் எழுதி, பத்திரிகையை முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று ஆண்கள் கூச்சலிட்டார்கள். கூச்சலிட்டவர்கள் நடத்திய பத்திரிகைகளின் ஆயுளை இதோடு ஒப்பிட வேண்டாம், மனசு கஷ்டப்படும்.

கொடி பறந்த படலம்

1933 செப்டம்பரில் ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் 'மணிக்கொடி' ஏற்றினார்கள். பிறகு பி.எஸ். ராமையா அதைச் சிறுகதைக்கே உரிய இதழாக்கினார். புதுமைப்பித்தன், கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, மௌனி எல்லாரும் அந்தக் கொடிக்கம்பத்தடியில் நின்றவர்கள். இலக்கியம் ஓங்கியது, வரவு ஓங்கவில்லை. 1930-களின் முடிவில் கொடி இறங்கிவிட்டது. நவீனத் தமிழ்ச் சிறுகதையின் பொற்காலம் மொத்தமாக ஆறேழு வருஷம். அதைப் பற்றிய ஆய்வேடுகளின் காலம் எண்பது வருஷமாக முடியவில்லை.

மணிக்கொடிக்காரர்களுக்குக் கல்கி மேல் தீராத கோபம். மேல்நாட்டுக் கதைகளைத் தழுவுகிறார் என்று. புதுமைப்பித்தன் 'ரசமட்டம்' என்ற பெயரில் தினமணியிலிருந்து அடித்தார். கல்கியும் திருப்பி அடித்தார். வேடிக்கை பார்த்த வாசகர்கள் இரண்டையும் வாங்கினார்கள். இலக்கியச் சண்டையால் லாபம் உண்டு என்று தமிழ்நாடு கற்ற முதல் பாடம் அது. இன்றுவரை மறக்கவில்லை.

அந்த 'தினமணி' 1934-இல் பாரதி நினைவு நாளன்று, செப்டம்பர் 11-இல், சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு தொடங்கியது. 1943-இல் முதலாளி ராம்நாத் கோயங்காவோடு அவருக்கு மனஸ்தாபம். அவர் வெளியேற, புதுமைப்பித்தன் உள்படக் கூட்டாளிகளும் வெளியேறினார்கள். 1944-இல் 'தினசரி' என்று ஒரு தினசரி பிறந்தது. கோபம் அத்தனை அவசரம். பெயர் யோசிக்கவும் நேரமில்லை.

மதுரையில் 1942-இல் 'தந்தி'யைத் தொடங்கிய ஆதித்தனார் சென்னைக்கு வந்தபோது, பண்டிதர்கள் மூக்கைச் சுளித்தார்கள். படிக்காத ஏழைக்கும் புரியும்படி எழுது என்பது அவர் சட்டம். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் பத்திரிகை வாசகன் ஆனான். பண்டிதர்கள் இன்னும் மூக்கைச் சுளித்துக்கொண்டே இருக்கிறார்கள். 1960-இல் தொடங்கிய 'கன்னித்தீவு' சித்திரத் தொடரும் முடிந்தபாடில்லை.

1947-இல் எஸ்.ஏ.பி. அண்ணாமலை தொடங்கிய 'குமுத'த்தில் ஆள்பற்றாக்குறைக்கு அபூர்வமான மருந்து வைத்திருந்தார்கள். அங்கே கிருஷ்ணகுமார், மாலதி, டி. துரைசாமி, முள்றி, அவிட்டம் என்று பலர் எழுதினார்கள். அத்தனை பேரும் ரா.கி. ரங்கராஜன். சம்பளப் பட்டியலில் மட்டும் ஒரே ஆள்.

கழுதைப் படலம்

வெள்ளைக்காரன் போனபின் பத்திரிகைகளை யார் வளர்ப்பது என்ற கவலை வந்தது. நம் சர்க்கார்கள் அந்தப் பொறுப்பை மனமுவந்து ஏற்றன.

1970 பொங்கலுக்குச் சோ 'துக்ளக்' தொடங்கினார். முதல் அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டிருந்தன. 1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது அட்டையைக் கறுப்பாக விட்டார். தணிக்கை அதிகாரி எந்த எழுத்தை வெட்டுவது?

1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு சிரிப்புத் துணுக்கு: மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்பதற்கு அடையாளம் சொல்வது. அடையாளம் பிக்பாக்கெட், முகமூடிக் கொள்ளைக்காரன் என்ற வரிசையில் போனது. சட்டப்பேரவை சிரிக்கவில்லை. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்றது. ஊர் கொந்தளித்ததில் இரண்டொரு நாளில் விட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, பல வருஷம் கழித்து 1,000 ரூபாய் இழப்பீடு வாங்கினார். விகடனை வாங்கிய விலைக்கு அது ஐந்து மடங்கு.

2003-இல் ஹிந்துவின் முறை. தலையங்கம் உரிமை மீறல் என்று ஆசிரியர் குழுவினருக்குப் பேரவை பதினைந்து நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் தடுத்தது. 125-ஆம் ஆண்டு விழாக் கொண்டாடும் பத்திரிகைக்கு அரசாங்கம் கொடுத்த சன்மானம்.

சந்தா பாக்கிப் படலம்

ஆக, கோபத்துக்குக் குறைவில்லை, சர்க்காரும் கைவிடவில்லை. பிறகு ஏன் இத்தனை சாவு?

சி.சு. செல்லப்பாவைக் கேட்டிருக்க வேண்டும். 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து 'எழுத்து' தொடங்கினார். புதுக்கவிதை என்ற குழந்தை அங்கேதான் நடை பழகியது. திருகோணமலையிலிருந்து பிரமிள் எழுதினார். 119 இதழ்கள் வந்தன, 1970-இல் நின்றது. இடையில் அவர் தம் புத்தகங்களை மூட்டை கட்டித் தோளில் சுமந்து, ஊர் ஊராகக் கல்லூரி வாசலில் நின்று விற்றார். அவர் இதழைப் படித்ததாகச் சொன்னவர்கள் அத்தனை பேரும் சந்தா கட்டியிருந்தால் மவுண்ட் ரோட்டில் நாலு மாடி கட்டியிருப்பார்.

எழுத்து நின்ற ஆண்டே 'கசடதபற' வந்தது. ந. கிருஷ்ணமூர்த்தி, ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி ஆகியோரின் வல்லின ஏடு. மெல்லினக்காரர்கள் மேல் அவர்களுக்குக் கோபம். அதுவும் நின்றது. சிற்றிதழ் நிற்கும் முறை எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் காகிதக் கடைக்காரர் நிற்பார். பிறகு அச்சாபீஸ்காரர் வாசலில் நிற்பார். கடைசியில் இதழ் நிற்கும். சந்தாதாரர் மட்டும் தொடர்ந்து படித்துக்கொண்டிருப்பார், நண்பர் வீட்டுப் பிரதியை.

ஜாமீன் கேட்ட சட்டத்தையும், அட்டையைப் பார்த்து ஆத்திரப்பட்ட பேரவையையும் இந்த ஊர்ப் பத்திரிகைகள் தாண்டி வந்துவிட்டன. 'அடுத்த மாதம் அனுப்புகிறேன் சார்' என்ற வாக்கியத்தைத் தாண்டியவை குறைவு. உங்கள் வீட்டுக்கு ஏதாவது ஓர் இதழ் ஓசியில் வந்துகொண்டிருந்தால், அதன் விலாசம் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஆண்டுச் சந்தாவை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அடுத்த மாதம் அந்த விலாசம் இருக்கும் என்பதற்கு யாரும் ஜாமீன் தர முடியாது.